கயிற்றின் இரு முனைகள்

விடுதிகளின் படுக்கை விரிப்புகளை வெளுத்துத் தரும் சலவைக்கூடத்துக்கு வேன் ஓட்டுபவளை எல்லோரும் ‘வேன் அக்கா’ என்றே கூப்பிட்டார்கள். தினமும் காலையில் ஆயில் பார்த்து, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றி, டயரைத் தட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பாள். புருஷன் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தான். பொண்டாட்டிக்குத் தன்னைவிட அந்த வேன் மேல்தான் கரிசனம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிவான்.

அவனுடைய தங்கையும் வேன்தான் ஓட்டினாள், தண்ணீர்க் கேன் ஏற்றுகிற வேன். பழைய வேனாகப் பார்த்து அண்ணி வாங்கிய அன்று, “இந்த ஓட்டை உடைசலை யாரு உன் தலையில கட்டுனது?” என்று கேட்டுவிட்டாள். அன்றோடு நின்றது பேச்சு. எட்டு மாதம் ஆயிற்று.

ஒரு புதன்கிழமை காலை பெட்ரோல் பங்கில், டீசல் என்று சொல்லிவிட்டு டயருக்குக் காற்று பிடிக்கக் குனிந்தாள் வேன் அக்கா. மூக்கில் வேறு வாசனை ஏறியது. ஓடிப்போய்ப் பார்த்தால், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் பெட்ரோலைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குள் பத்து லிட்டர் இறங்கிவிட்டது. மேலே டீசலை ஊற்றிக் கலந்து ஓட்டிவிடலாம் என்றார் அவர்.

“ஸ்டார்ட் பண்ணா பம்ப்பே போயிடும். தள்ளி ஓரமா நிறுத்துங்க, போதும்” என்றாள். கோபப்படவில்லை, அவருக்குத்தான் முகம் வெளுத்துப்போனது.

புருஷனுக்குப் போன் செய்தாள். தங்கச்சி வண்டி இந்நேரம் சும்மாதான் நிற்கும், தானே சொல்லிவிடுவதாக அவன் சொன்னான். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். பின்னால் இரண்டு விடுதிக்கான மூட்டைகள் கிடந்தன. சரி என்றாள்.

கால் மணி நேரத்தில் நாத்தனார் வந்து இறங்கினாள், தோளில் கயிற்றுச் சுருளோடு.

“சாவியப் போட்டுத் திருகலையே?”

“இல்ல.”

“நல்ல வேளை.”

மூட்டைகளை இருவருமாகக் கேன் வேனுக்கு மாற்றினார்கள். கயிற்றைக் கொக்கிகளில் கட்டியபின், ஒரு ஹாரன் அடித்தால் மெதுவாகப் போவது, இரண்டு அடித்தால் நிற்பது என்று முடிவு செய்தார்கள். கயிறு தொய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அண்ணியின் பொறுப்பு.

இன்ஜின் ஓடாத வண்டியில் பிரேக் கல்லாக இருந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. பாலத்தை விட்டு இறங்கும்போது முன் வண்டியின் முதுகு சட்டென்று நெருங்கி வந்தது. இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்து, கைபிரேக்கையும் இழுத்துப் பிடித்தாள். கயிறு மறுபடி விறைத்ததும் ஒருமுறை ஹாரன் அடித்தாள். நாத்தனார் பதறவில்லை. வேகத்தை ஒரே சீராகக் குறைத்து, ஓரம் ஒட்டியே மெக்கானிக் கடைவரை இழுத்துப் போனாள்.

கடைக்காரர் டேங்கைக் கழற்றிக் கழுவி, பில்டரை மாற்றிவிட்டால் போதும் என்றார். பம்ப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. விரிப்புகளை இருவரும் கேன் வேனிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள்.

திரும்பும் வழியில் வேன் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“கியர் மாத்தறப்ப ஒரு சத்தம் வருதே, எத்தன நாளா?”

“ஒரு மாசமா. யார்கிட்ட கேக்கறதுன்னு இருந்தேன் அண்ணி.”

ஞாயிற்றுக்கிழமை வண்டியை வீட்டு வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னாள் வேன் அக்கா. கொண்டுவந்தாள். சாக்கை விரித்து இருவரும் அடியில் படுத்துக்கொண்டார்கள். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் வேலை புருஷனுக்கு வாய்த்தது. கேட்ட அளவை ஒருதடவைகூடச் சரியாக எடுத்துக் கொடுக்கவில்லை அவன்.