வெள்ளைக்குள் இருந்து வந்த பேர்கள்

ஆறு வருஷமாக எனக்கு ஒரு கடுப்பு இருந்தது. சுங்கைப் பட்டாணி ஊர் மண்டபத்துச் சுவரில் பிள்ளைகள் படம் வரைந்தபோது, அதைச் சுரண்டி, ஓட்டை அடைத்து, அடிப்பூச்சாக அண்டர்கோட் அடித்துக் கொடுத்தவன் நான். மூன்று நாள் வேலை. முடிந்ததும் கீழே ஊர் ஊராக முப்பத்திரண்டு பேருடைய பேர்களை எழுதினார்கள். பிரஷ் கழுவினவன் பேர்கூட இருந்தது. முனியாண்டி என்கிற என் பேர் மட்டும் இல்லை.

எழுதச் சொன்னவர் காளிதாசன் அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டினார். முன்பு கோணப்பாலம் ரப்பர் தோட்டத்தில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த வீடு. கல்யாணம் கட்டவில்லை, வேன்தான் குடும்பம். ஜித்ரா, மெர்கோங், சுங்கைப் பட்டாணி என்று மூன்று ஊர் இளைஞர் மன்றங்கள் பந்து விளையாட்டில் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, மூன்று கூட்டத்தையும் ஒரே வேனில் அடைத்துக்கொண்டு போய் வெள்ளம் வடிந்த வீடுகளில் சேறு அள்ள விட்டார். அப்புறம்தான் இந்தச் சுவர். அதற்கு ஒரு சட்டம் போட்டார். எவனும் தன் ஊரை வரையக்கூடாது.

"அடுத்தவன் ஊர வரையணும்னா போய்ப் பாக்கணும்லா. பாத்துட்டா அடிக்கக் கை வராது."

சுங்கைப் பட்டாணி மணிக்கூண்டை வரைந்தது ஜித்ராப் பெண் ஹனான். முள்ளை நாலே காலில் வைத்தாள். "ஏன் பாப்பா?" என்றேன். "நாங்க பசியாறுற நேரம் அங்கிள். நீங்கதான் ஒரு நாளும் வாங்கித் தரலியே!"

அடுத்த வெள்ளத்தில் சேறு அள்ளிவிட்டு மோட்டார் சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பியவள் போய்ச் சேரவில்லை. வழியில் லாரி மோதியது.

போன வருஷம் மண்டபத்துக்குப் புதுக் கமிட்டி வந்தது. கல்யாணப் போட்டோவுக்குச் சுவர் வெள்ளையாக இருக்கணுமாம். என்னைக் கூப்பிட்டார்கள். பழைய கடுப்பு; போனேன். மூன்று கோட். மணிக்கூண்டு மறைந்தது. ஹனான் பேர் மேலேயும் ரோலர் போனது. தெரிந்துதான் போனது.

ஆனால் பேர்களை மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தார்கள். மார்க்கர் மேல் மையை அடக்குகிற சீலர் அடிக்காமல் தண்ணிப் பெயிண்ட் அடித்தால், மை ஏறி வரும். எந்தப் பெயிண்டருக்கும் தெரியும். அவசரத்தில் நான் மறந்தேன். இரண்டே மாதத்தில் வெள்ளைக்குள் இருந்து ஊதா நிறத்தில் பேர்கள் வந்தன. முதலில் வந்தது ஹனான். அழுத்தி எழுதுகிற பிள்ளை.

"என்ன அண்ணே வேல இது, பேய் மாரி வருது!" என்று கமிட்டிக்காரர் போனில் கத்தினார். சீலர் டின்னோடு போனேன். சுவரோரம் ஹனானின் அம்மா சம்சியா நின்றிருந்தார். எழுத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார்.

"தம்பி, இன்னும் கொஞ்சம் தெளிவா வருமா?"

மற்ற பேர்களைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தேன். காளிதாசன் என்ற பேரும் அதில் இல்லை.

டின்னைத் திறக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே காளிதாசன் அண்ணன் கிட்னி போய், கை கால் வீங்கிக் கிடந்தார். அதற்குப் பிறகு அவர் ஒரு வாரம்கூடத் தாண்டவில்லை. சம்சியா கேட்டதைச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார். "செவுத்துல உங்க பேரும் இல்லியேண்ணே," என்றேன்.

"ஊர் ஊராத்தான எழுதச் சொன்னேன். நம்ம ரெண்டு பேரையும் எந்த ஊர்ல போடுறது? கோணப்பாலம் எங்கடா இருக்கு? தோட்டத்த வித்து, மரத்த வெட்டி, வரிசை வீடா தாமான் கட்டிட்டான்."

"அத அப்பவே சொல்லியிருக்கலாம்லா. ஆறு வருஷம் உங்கள ஏசிக்கிட்டு இருந்தேன்."

"தெரியும். வேன்ல எனக்கு அடிக்கடி பொரையேறும்."

சிரிப்பு இருமலாகிப்போனது. அடங்கியதும் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"சீலர் அடிக்காத. அந்த அம்மா பாக்கட்டும். கீழ கோணப்பாலம்னு எழுது. நம்ம ரெண்டு பேரையும் எழுது. பெயிண்ட்ல வேணாம்டா, மார்க்கர்ல எழுது."