இது அல்ல, இவங்க

பெங்களூரு பொம்மனஹள்ளியில் அந்த அடுக்ககத்துக்குத் துடைப்பம் பிடிக்க வந்தபோது பிரிசில்லாவுக்குப் பெயர் இல்லை. அவர் எதிரில் நிற்கும்போதே, "அதுகிட்ட சொல்லு, மாடியில தண்ணி தேங்கியிருக்கு" என்பார்கள் குடியிருப்பவர்கள். அவருக்குத் தெரியக்கூடாத பேச்சென்றால் இங்கிலீஷுக்குத் தாவுவார்கள். அவர் அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் பூமிக்கடியில் உழைத்தவர். அந்த ஊர்த் தொழிலாளர் லைன் வீடுகளில் இங்கிலீஷ் காற்றைப் போல உள்ளே வந்து போகும். எல்லாம் புரிந்துகொண்டேதான் தரையைத் துடைத்தார்.

பதினோரு வருஷம் கழித்து சூப்பர்வைசர் ஆனார். சீருடையில் பெயர்ப்பட்டை ஏறியது. அன்றிலிருந்து 'பிரிசில்லாம்மா'. மனிதருக்குப் பெயர் கிடைக்கப் பட்டை குத்த வேண்டியிருக்கிறது. அந்தக் கட்டடத்து நாய்கள் ஒவ்வொன்றின் பெயரும் எல்லாருக்கும் முதல் நாளே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை லிஃப்ட் கண்ணாடி விவகாரம் வந்தது. கண்ணாடியில் விரிசல். பழி சோனியா மேல் விழுந்தது. சோனியா ஒடிசாவிலிருந்து துப்புரவு வேலைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. வேலை போனால் கட்டடத்தின் பின்னாலிருக்கும் அறையும் போகும். அன்று மாலையே மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

"உடைச்சது இதுதான். ஒத்துக்கவும் மாட்டேங்கறது" என்றார் புகார் கொடுத்த ராஜலக்ஷ்மி. சோனியா இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"ஏஜென்சிக்குப் போன் பண்ணி வேற ஆளை அனுப்பச் சொல்லிடலாம்" என்றார் குடியிருப்போர் சங்கச் செயலர் அனந்தபத்மநாபன். பிறகு பிரிசில்லா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நாம பேசறது இதுக்குப் புரியறதா?"

எப்படியாவது காப்பாற்றிவிட வேண்டும் என்ற அவசரம் பிரிசில்லாவுக்கு. "இதுக்கு இன்னா சார் தெரியும்? வாயில்லாப் பூச்சி. இந்த ஒரு தபா விட்டுடுங்க."

"அக்கா" என்றார் சோனியா. "தமிழ் புரியும். நான் இங்கதான் நிக்கறேன். என்னைக் கேளுங்க."

பிரிசில்லாவுக்கு முகம் சுட்டது. பதினோரு வருஷம் தன்னைக் குத்திய சொல் தன் வாயிலிருந்தே, இரக்கத்தின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது. மேலே இருப்பவன் நம்மை மிதித்தால், நாம் மிதிக்கக் கீழே ஒருவரைத் தேடுகிறோம். இந்த நாட்டின் படிக்கட்டை அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

"சார், நான் சொன்னது தப்பு" என்றார். "இவங்க பேரு சோனியா. வேலை போவப்போறது இவங்களுக்கு. கேக்கறத இவங்களையே கேளுங்க."

"அதைத்தானேம்மா விசாரிச்சிண்டிருக்கோம்."

"இல்ல சார். இவங்களப் பத்தி விசாரிச்சினு இருக்கீங்க. இவங்கள விசாரிக்கல."

அனந்தபத்மநாபன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. "சோனியா... லிஃப்ட் கண்ணாடி எப்படி உடைஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார். செவ்வாய்க்கிழமை. ஐநூத்தி மூணாம் வீட்டுக்குப் புது ஆளு வந்தாங்க. பீரோ இடிச்சுது."

போனை நீட்டினார். படத்தில் லிஃப்டுக்குள் ஒரு பீரோ சாய்ந்து நின்றது. அதன் மூலை கண்ணாடியில் பதிந்திருந்தது. அன்றைக்கே செக்யூரிட்டியிடம் காட்டினாராம். 'இது ஏதோ சொல்லுது' என்று அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டாராம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார் ராஜலக்ஷ்மி.

"யாரு கேட்டீங்க மேடம்?"

யாரும் கேட்கவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ஏஜென்சிக்குப் போன் வேண்டாம், ஐநூற்று மூன்றிடம் தானே பேசுவதாக அனந்தபத்மநாபன் சொன்னார். "சரி சோனியா, நீங்க போங்கோ" என்றார் ராஜலக்ஷ்மி. 'நீங்க' கொஞ்சம் தொண்டையில் இடறியது. ஆனாலும் வந்தது.

படியில் இறங்கும்போது பிரிசில்லா கேட்டார்: "மன்னிச்சுக்கம்மா. எப்பலேர்ந்து தமிழ் புரியுது?"

"மூணு மாசம்."

பிரிசில்லா மனசுக்குள் மூன்று மாதத்தைப் பின்னோக்கி நடந்து பார்த்தார். "அப்படின்னா, போன வாரம் நீ மாப் பிழியறதப் பாத்து நான் சொன்னது?"

"எருமைன்னா இன்னான்னு போன்ல பாத்தேன் அக்கா. படம் வந்துச்சு."

வெட்கமும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன பிரிசில்லாவுக்கு. "சரி. இனிமே திட்டணும்னா உன் மூஞ்சியப் பாத்தே திட்டறேன்."

"பேரு சொல்லி" என்றார் சோனியா.