ஞானசீலனின் இடது கை

ராணிப்பேட்டையில் நாங்கள் வேலை செய்த பட்டறைக்கு 1985இல் ஒரு பிளாஸ்மா மெஷின் வந்து இறங்கியது. மின்சாரத் தீயில் பீங்கான் பவுடரை உருக்கி இரும்பின் மேல் அடிக்கிற துப்பாக்கி. அந்தப் பூச்சு ஏறிய இரும்பை நெருப்பு சீக்கிரம் தின்னாது. முதலாளி அப்துல் வஹீத் பாய்க்கு மேல்விஷாரத்தில் தோல் பதனிடும் ஷாப்பும் உண்டு. அங்கே பதினாலு வருஷம் தோலுக்குச் சாயம் ஸ்ப்ரே அடித்த ஞானசீலனைத்தான் இதற்கும் பிடித்துப் போட்டார். பம்பாய்க்கு அனுப்பி மூன்று மாதம் கற்றுக்கொள்ளவும் வைத்தார்.

கற்றுக்கொண்டு வந்தானே, அதோடு என் நிம்மதி போயிற்று. பூச்சுக்கு முன்னால் இரும்பின் மேல் மணல் மாதிரிப் பொடியை வேகமாக வீசிச் சொரசொரப்பாக்குவது என் வேலை. அப்படி ஆக்கின இரும்பில் வெறும் கை படக்கூடாது, பட்ட இடத்தில் பூச்சு ஒட்டாது. சரி, ஒரு தடவை சொன்னால் போதாதா? நாளைக்கு நாற்பது தடவை சொல்வான்.

"ஆதி, இன்னிக்கு எண்ணெய் தேய்ச்சிக்கினு வந்தியா?"

"தலைக்குத் தேய்ச்சேன்யா. தலையாலயா இரும்பத் தூக்கறேன்?"

ஒரு பாய்லர் கம்பெனி, தீக்கு நேரே நிற்கும் இரும்புத் தட்டுகளுக்குப் பூச்சு கேட்டது. மாதிரித் தட்டை இருபது தடவை சிவக்கக் காய்ச்சி ஆறவிட வேண்டும். உரியாமல் நின்றால் ஆர்டர். முதல் தட்டு ஆறாவது சூட்டில் உரிந்தது. இரண்டாவது நாலாவதிலேயே.

பாய் கத்தவில்லை. "மூணாவதும் உரிஞ்சா மெஷின மெட்ராஸ்காரனுக்குக் குடுத்துடுவேன். ஞானசீலா, நீ பழையபடி ஷாப்புக்கே வந்துடு" என்றார்.

ஷாப்புக்குத் திரும்ப அவனால் ஆகாது. சாயத்து நெடியில் அவனுக்கு மூச்சு இழுக்கும். அந்தப் பக்கமே தலைவைக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். இங்கே புகையை இழுத்துத் தள்ள ஃபேன் இருந்ததால்தான் ஆள் தேறியிருந்தான்.

அந்தப் பயத்தையெல்லாம் என் மேல் கொட்டினான். "உன் கைதான்யா. உன் கைதான் என்னைத் திரும்ப அங்க தள்ளப்போவுது."

பேஜாராகிவிட்டது எனக்கு. குப்பையில் கிடந்த இரண்டாவது தட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். பூச்சு கோடு கோடாக உரிந்திருந்தது. மூன்று கோடு நீளம், நடுவில் ஒன்று மட்டும் பாதியில் நின்றது. என் கையை வைத்துப் பார்த்தேன். எனக்கு நாலு விரலும் முழுசு.

நேரே அவனிடம் போனேன். "இடது கையக் குடுய்யா."

"இன்னாத்துக்கு?"

"குடு சொல்றேன்."

பத்தொன்பது வயதில் தோல் சீவுகிற மெஷினில் அவனுக்கு இடது மோதிர விரல் பாதி போயிருந்தது. கையைத் தட்டின் மேல் வைத்து அமுக்கினேன். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். "தடவிப் பாக்காம எப்பிடிய்யா அடிக்கறது?" என்றான்.

"இது தோலாய்யா?"

தோலை இடது கையால் ஒரு தரம் தடவித் தூசு பார்த்துவிட்டுத்தான் வலது கையால் அடிப்பார்களாம். பதினாலு வருஷப் பழக்கம். மெஷின் திருகைத் திருப்ப வசதியாக இடது கைக்கு உறை போடமாட்டான். மூடின அறையில் கறுப்புக் கண்ணாடியோடு தனியாக நிற்கிறவன். கை செய்த வேலையை அவனே பார்த்ததில்லை.

"இந்த வாட்டி உறை போட்டுக்கோ."

"கழட்டிடுவேன். கட்டிப் போட்டுடு."

அவன் பெல்ட்டாலேயே அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் கட்டினேன். அப்புறம் திருகை யார் திருப்புவது? கறுப்புக் கண்ணாடி, காதில் பஞ்சு சகிதம் நான்தான் உள்ளே நின்றேன். தட்டை ஸ்டாண்டில் மாட்டினதுமே கட்டிய கை வெடுக்கென்று இரண்டு தரம் இழுத்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "சும்மா இருய்யா" என்று கத்தினேன்.

மூன்றாவது தட்டு இருபது சூடும் தாங்கியது. பாய் ஆறின பூச்சைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "மெஷின் இங்கயே இருக்கட்டும்" என்றார்.

இந்த மனுஷன் என்னிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டானா? கிடையாது. மறுநாள் காலையில் பெல்ட்டை நீட்டிக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

"இறுக்கிக் கட்டு, ஆதி. நேத்து லூசாக் கட்டிட்ட."