அலுமாரிக்குள் அம்மனின் வெள்ளி

சித்திரை வெயிலில், கோணேசர் கோயிலுக்கு ஏறுகிற தார் ரோட்டில், கைக்குழந்தையோடு ஒருத்தி வெறுங்காலில் தவித்து நின்றாள். சோமசேகரம் தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் வைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் நடந்தார். வீட்டில், செருப்புக் களவு போனதென்று சொன்னாராம். நான் கண்டனான். அந்த மனுசனைப் பற்றி நான் சொல்லக்கூடிய நல்லது அவ்வளவுதான், கடவுள் பொறுக்கவேணும்.

சீனன்குடாவில் அவருக்கு ஸ்டோர் வேலை. மனைவி இராசமலருக்குக் கண்ணில் பூ விழுந்து, எழுபத்தொன்பதில் ஒப்பரேசன் செய்தார்கள். பார்வை வந்தால் அம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக நேர்த்தி. பார்வை வந்தது. இராசமலர் தன் கொலுசைக் கழற்றி, தட்டாரிடம் கொடுக்கச் சொல்லிப் புருசனிடம் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வெள்ளி விலை ஏறுதென்று ரேடியோ சொன்னது. அமெரிக்காவில் ஆரோ பணக்காரர் வாங்கி வாங்கிப் பூட்டுகிறார்களாம். இவரும் கொலுசை அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

கோயில் வாசலில் பூ விற்கிற எனக்கும் பாடம் நடந்தது. "பிளேனுக்கு வெள்ளி, ரொக்கட்டுக்கு வெள்ளி, படம் பிடிக்கிற பிலிமுக்கும் வெள்ளி. இப்ப குடுக்கிறது விசர் வேலை அக்கா. பொறுத்து வித்தால் அம்மனுக்கு ரெண்டு சோடி செய்யலாம்."

"அம்மன் ரெண்டு சோடி கேட்டவவோ?"

"உங்களுக்கு உலகம் விளங்காது."

தையில் விலை உச்சிக்குப் போனது. இன்னும் ஏறும் என்றார். பங்குனியில் தொப்பென்று விழுந்தது. "இந்த விலையில குடுத்தால் அம்மனுக்குத்தான் நட்டம்," என்றார். ஏறினாலும் குடுக்க ஏலாது, இறங்கினாலும் குடுக்க ஏலாது. அப்படியொரு பக்தி.

இராசமலருக்கோ, கண் திரும்ப இருண்டுவிடுமோ என்று பயம். வெள்ளிக்கிழமைகளில் வந்து, அம்மனை நிமிர்ந்து பாராமல் போவாள். கடைசியில் கால்விரல் மெட்டி இரண்டையும் கழற்றினாள். தட்டார் பாக்கியரத்தினத்திடம் நானும் கூடப் போனேன். கடுதாசி மாதிரி மெல்லிசாய், சின்னதாய் ஒரு சோடி வந்தது. ஐயர் சாத்தினார். அன்றைக்குத்தான் அவள் அம்மனை நேரே பார்த்தாள்.

பிளேனுக்கு எவ்வளவு வெள்ளி போகுதென்று தெரிந்தவருக்குப் பெண்சாதியின் வெறும் விரல் தெரியவில்லை. அவளும் சொல்லவில்லை.

எண்பத்தொன்றில் வேலையை விட்டுவிட்டு, அவளுடைய ஊரான கிளிவெட்டிக்குப் போனார்கள். பஸ் ஸ்டாண்டில் அவர் கொலுசுப் பொட்டலத்தை மடியில் பொத்திப் பிடித்திருந்தார். இராசமலர் என்னைப் பார்த்து, சேலையை இழுத்துக் காலை மறைத்தாள். பஸ் வெளிக்கிடும்போது அவர் யன்னலால் தலையை நீட்டினார்.

"அக்கா, அம்மனிட்டச் சொல்லுங்கோ, நான் மறக்கேல்லை எண்டு. விலை ஏறட்டும், கட்டாயம் கொண்டு வருவன்."