அம்மா மிதக்கப் பழகிய வருஷம்

அப்பா பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்தவர். பங்களாதேஷ் போர் நடந்தபோது கப்பலில் இருந்தார். இந்த இரண்டையும் தவிர அவருடைய கடல் வாழ்க்கையைப் பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. நானும் தம்பியும் சண்டைக் கதை கேட்டால், கப்பல் ஆடும்போது சாம்பார் எந்தப் பக்கம் ஓடும், தட்டை எப்படிச் சாய்த்துப் பிடித்தால் சட்டையில் கொட்டாது என்று செய்து காட்டுவார். குண்டு எப்போது வரும் என்று காத்திருந்து தம்பி தூங்கிப்போவான்.

படையிலிருந்து வந்ததும் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் ஆலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். சூளையிலிருந்து வரும் கோப்பைகளையும் பொம்மைகளையும் வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கி லாரியில் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிடி கோணியது, விளிம்பு நெளிந்தது என்று விலைபோகாத சரக்கெல்லாம் எங்கள் வீட்டுக்கு வரும். நேரான கோப்பையில் டீ குடிக்க வேண்டுமென்றால் நாங்கள் விருந்தாளியாகத்தான் எங்காவது போக வேண்டும். தெருவில் எங்கள் வீட்டுக்குக் ‘கப்பக்காரர் வூடு’ என்று பெயர். கடலைப் பார்க்கக் கடலூருக்குப் பஸ் ஏற வேண்டிய ஊரில் அது ஒரு பட்டம் மாதிரி.

நான் பிறந்தபோது அவர் கடலில் இருந்தாராம். முதல்முறை என்னைப் பார்க்க வந்தபோது நான் நடக்கவே ஆரம்பித்திருந்தேன். யாரோ மீசைக்காரர் என்று அலறிக்கொண்டு ஓடி அம்மாவின் புடவைக்குள் ஒளிந்துகொண்டேன் என்பார்கள். அந்தப் பாக்கியையெல்லாம் பிற்பாடு எங்களிடம் தீர்த்துக்கொண்டார். காலையில் எனக்கு ஜடை பின்னிவிடுவது அவர்தான். கப்பல் கயிற்றுக்குப் போடும் முடிச்சைத் தலைமுடிக்கும் போட்டுவிடுவார். சாயங்காலம் அதை அவிழ்க்க அம்மா படாதபாடு படுவாள். காய் நறுக்குவார், எங்கள் யூனிஃபார்முக்கு இஸ்திரி போடுவார். பக்கத்து வீட்டுப் பெண்கள் அம்மாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, தங்கள் வீட்டுக்காரர்களிடம் போய் அதையே சொல்லிச் சண்டை போடுவார்கள்.

நான் நான்காம் வகுப்பு முடித்த கோடையில், கருவேப்பிலங்குறிச்சியில் அம்மாவின் தம்பியான எங்கள் மாமா வீட்டுக்குப் போயிருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா, மோர் ஊற்றிக்கொண்டே, நாளை முதல் அம்மா கிணற்றில் நீச்சல் பழகப்போகிறாள் என்றார். மாமாவுக்குப் புரையேறிவிட்டது. வெள்ளாற்றில் பிறந்து வளர்ந்தவர்போல் நீந்துகிற மனிதர் அவர். அக்கா தண்ணீரில் இறங்கினால் கிணறு பொங்கிக் கொல்லையெல்லாம் பாய்ந்துவிடும், மோட்டார் போடுகிற வேலை மிச்சம் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அத்தை வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

நீச்சலைவிடப் பெரிய வம்பு உடுப்பினால் வந்தது. புடவையோடு இறங்கக் கூடாது என்று, ஊரிலேயே தையற்காரரிடம் அம்மாவுக்கு ஒரு சுடிதார் தைத்துப் பெட்டிக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்திருந்தார் அப்பா. எங்கள் பக்கத்தில் அப்போது சிறுபெண்களே அதைப் போட ஆரம்பிக்கவில்லை. பெண்ணுக்கா என்று தையற்காரர் கேட்டதற்கு, இல்லை, பெண்ணின் அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டாராம். அந்தச் செய்தி எங்களுக்கு முன்பே பஸ் ஏறிக் கருவேப்பிலங்குறிச்சிக்கு வந்திருந்தது.

விடிந்ததும், மோட்டார் ஓடுவதற்கு முன்னால், கிணற்றுக்குப் போவோம். அம்மா சுடிதாருக்கு மேல் ஒரு புடவையைப் போர்த்திக்கொண்டு வருவாள். நானும் தம்பியும் படிக்கட்டில் உட்கார்ந்து பார்ப்போம். எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்றதற்கு, முதலில் அம்மா, அவள் பழகிவிட்டால் உங்கள் இரண்டு பேரையும் அவளே பிடித்துக்கொள்வாள் என்றார்.

கையை வீசவோ காலை அடிக்கவோ அவர் சொல்லித்தரவில்லை. அம்மாவை மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, தண்ணீருக்குள் இருக்கும் படியில் நின்றார். “நீந்த வேணாம். மிதந்தாப் போதும். யாராவது வருவாங்க, அதுவரைக்கும் சும்மா வானத்தப் பாத்துட்டுக் கெட” என்பதுதான் அவருடைய பாடம் மொத்தமும். அம்மா வானத்தைப் பார்ப்பாள், கை விலகிவிட்டதோ என்று சந்தேகம் வரும், உடனே அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு இரண்டு பேருமாக மூழ்குவார்கள். மேலே நின்று பல் துலக்கிக்கொண்டிருக்கும் மாமா கிணறு அதிரச் சிரிப்பார்.

ஒருநாள் மூக்கில் தண்ணீர் ஏறி, இருமி, கண்ணெல்லாம் சிவந்து, இனி இந்தப் பக்கமே வரமாட்டேன் என்று அம்மா படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்கு எதுக்குங்க இது? நான் எந்தக் கப்பலுக்குப் போகப்போறேன்?”

அப்பா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு முகத்தை வழித்துவிட்டுக்கொண்டார்.

“நான் பக்கத்துல இல்லாத நேரத்துக்கு” என்றார்.

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜடையை அள்ளி முடிந்துகொண்டு மறுபடியும் இறங்கினாள். அப்பா மறுபடியும் கப்பலுக்குப் போகப்போகிறார் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். ஊருக்குத் திரும்பிய பிறகும், ஆலைக்குக் கிளம்பும்போதெல்லாம் கையில் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பேன். சாப்பாட்டுத் தூக்கு மட்டும் இருந்தால்தான் நிம்மதியாகப் பள்ளிக்கூடம் போவேன்.

அந்த லீவு முடிவதற்குள் அம்மா மிதந்துவிட்டாள். அப்பா கையை எடுத்துவிட்டு மெதுவாகப் பின்னால் நகர்ந்துபோய்ப் படியில் ஏறி எங்களோடு உட்கார்ந்துகொண்டார். நடுக்கிணற்றில் அம்மா கண்ணைத் திறந்தபடி கிடந்தாள். மாமா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயத்தில் அத்தைக்குக் குழந்தை பிறந்தது. பார்த்துவிட்டு வர அம்மா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். ஆலையில் லாரி ஏற்றும் வேலை இருந்ததால் அப்பா தம்பியோடு இருந்துவிட்டார். பஸ் நிற்குமிடத்துக்கு மாமா மாட்டுவண்டி கொண்டுவந்திருந்தார். வழியில் ஓர் ஓடை, அதன்மேல் தரைப்பாலம். பாலத்தின்மேல் கலங்கல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்று போகலாமே என்றாள் அம்மா. கணுக்கால் தண்ணிதான் அக்கா என்று மாமா மாட்டைத் தட்டினார்.

பாதிப் பாலத்தில் ஒரு சக்கரம் விளிம்பைவிட்டு இறங்கியது. மாமா குதித்துப் போய், மாடுகளை நுகத்தில் கட்டியிருந்த பூட்டாங்கயிற்றை அவிழ்த்துவிட்டார், மாடுகள் பிழைத்துக்கொண்டன. அதற்குள் வண்டி சரிந்து நானும் அம்மாவும் தண்ணீரில் விழுந்துவிட்டோம். எனக்கு நினைவிருப்பது, மண் ருசியான தண்ணீர் வாய்க்குள் போனதும், பின்னாலிருந்து ஒரு கை என் தாடையைப் பிடித்து நெஞ்சோடு சாய்த்துக்கொண்டதும்தான். நான் திமிறினேன். காதுக்குப் பக்கத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

“ஒதறாத பாப்பா. வாய மூடிக்கிட்டு மேல பாரு. அம்மா புடிச்சிருக்கேன்.”

மேலே பார்த்தேன். சாம்பல் நிறத்தில் வானம் எங்களோடு நகர்ந்து வந்தது. மழைத்துளி கண்ணில் விழுந்தபோது மூடிக்கொண்டேன். எங்களைப் பிடிக்க நீந்திவந்த மாமா, சுழலோடு மல்லுக்கட்டிக் களைத்து, ஒரு கருவேல மரத்தைக் கட்டிக்கொண்டு எங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாராம். எனக்கு அதெல்லாம் கேட்கவில்லை. அம்மாவின் மூச்சு மட்டும் முதுகில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஓடை அகன்று வேகம் குறையும் இடத்தில் சில பேர் கரையை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள்தான் இடுப்பளவு சேற்றில் இறங்கி, தலைத்துண்டுகளை முடிச்சுப் போட்டுப் பிடித்துக்கொண்டு வந்து எங்களை இழுத்தார்கள். கரையில் போட்டதும் அம்மா எழுந்து உட்கார்ந்து, முதல் வேலையாக விலகியிருந்த புடவையைச் சரிசெய்தாள். எனக்குச் செருப்பு போய்விட்டது என்று அழுகை வந்தது. தீபாவளிக்கு வாங்கிய செருப்பு.

பஸ்காரர் யாரோ சொல்லி, அந்தி சாய்வதற்குள் அப்பா தம்பியையும் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். முழங்கைவரை ஆலையின் வெள்ளைத் தூசி அப்படியே ஒட்டியிருந்தது. எங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மாமா தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றார். அந்த இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும் என்றுதான் அம்மா அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

“அசையாம வந்தமா, எங்களப் பாத்துட்டு ரெண்டு பொணம் வருதுன்னு நெனச்சிட்டாங்களாம். பொணமா இருந்தாலும் வுட்டுடக் கூடாது, கரை சேக்கணும்னு எறங்குனாங்களாங்க.”

அப்பா உட்கார்ந்துவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் போட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். அதற்கு முன் அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா, என் தம்பியும் அத்தையும் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். எங்களை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் இரண்டு பேரும் வெகுநேரம் வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

என்ன பேசினார்கள் என்று அம்மா போன வருஷம்தான் எனக்குச் சொன்னாள். போரின்போது கூடப் போன கப்பல் ஒன்று மூழ்கி, விடிந்ததும் தண்ணீரில் கிடந்தவர்களை மீட்க அப்பாவின் கப்பலிலிருந்து படகு இறக்கினார்களாம், அப்பாவும் அதில் இருந்தார். கையசைத்துக் கத்தியவர்களை முதலில் ஏற்றினார்கள். அசையாமல் மல்லாந்து கிடந்தவர்களைப் பிணம் என்று விட்டுவிட்டுத் தாண்டிப் போனார்கள். அப்படி விட்டுவந்தவர்களில் ஒருவர் கண்ணைத் திறந்ததாக அப்பாவுக்குத் தோன்றியது. பயிற்சிக் காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட நண்பர் அவர். அப்பா படகைத் திருப்பச் சொல்லிக் கத்தினார். திரும்பி வந்து பார்த்தபோது அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அதை அம்மாவிடம் சொன்னாராம். அதற்குப் பிறகுதான் அவர் தூக்கத்தில் எழுந்து உட்காருவது நின்றது என்றாள் அம்மா. இப்போது எண்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறார், குறட்டை விட்டுத் தூங்குகிறார்.

நாங்கள் ஓடையில் விழுந்த மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. அப்பா என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கரும்புக் கொல்லைக்குப் போனார். அதே ஆட்கள் உடைந்த கரைக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் மண்வெட்டியை வைத்துவிட்டு, பாப்பாவுக்குக் காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றும் இல்லையே என்று விசாரித்தார்கள். அப்பா என் கையை விட்டுவிட்டு, குதிகாலைச் சேர்த்து, நிமிர்ந்து நின்று, அவர்களுக்குச் சல்யூட் அடித்தார்.

கோவணமும் சேறுமாக நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். எனக்குக் கூச்சமாக இருந்தது. நன்றி சொல்ல வந்தால் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, இதற்குப் போய் இப்படியா என்று நினைத்தேன். வெறுங்காலில் சேறு சில்லென்று ஏறியது. போலாம்பா என்று அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அப்பா கையை இறக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.