கத்தத் தெரியாத கோல் கீப்பர்

ஹாக்கியில் கோல் கீப்பரைத் தேர்ந்தெடுக்க உட்காருகிறவர்களில் பாதிப்பேர் செய்கிற தப்பு, பந்து வரும்போது மட்டும் அவனைப் பார்ப்பது. பந்து எதிர்ப்பக்கம் கிடக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று பாருங்களய்யா! மூக்கைச் சொறிகிறானா, தன் ஆட்களை நகர்த்துகிறானா? விழுந்து புரண்டு ஒரு பந்தைத் தடுத்துவிட்டால் ஆகா ஓகோ என்று கைதட்டுகிறார்கள். தடுத்த பந்து யாருடைய மட்டைக்குப் போனது என்று ஒருத்தரும் கேட்பதில்லை. எதிராளி மட்டைக்கே திரும்பப் போனால் அது என்ன தடுப்பு? மாவட்டத் தேர்வுகளுக்கு என்னைக் கூப்பிடும்போதெல்லாம் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். பெரியவருக்குக் கீப்பர் என்றால் ஒரு கிறுக்கு என்று முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். கிறுக்குதான்.

எங்கள் ஊர் கூத்தாநல்லூருக்குத் தெற்கே, ஆற்றிலிருந்து பிரியும் வாய்க்கால் ஒன்றின் கரையில் இருந்தது. அப்பா பண்ணையாள். நான் டவுன் பள்ளிக்கூடத்தில் படித்தேன். அங்கே ஹாக்கி என்றால் உயிர். ஆனால் காலில் மெத்தை மாதிரி பேடைக் கட்டிக்கொண்டு, வெயிலில் வெந்துகொண்டு, பந்தை உடம்பில் வாங்குகிற வேலைக்கு எவனும் வரமாட்டான். அதனால் அது எனக்கு வந்தது. பேடுக்குள் வைக்கோல் திணித்திருந்தார்கள். மழைக்காலத்தில் அதிலிருந்து வருகிற வாடையை இப்போது நினைத்தாலும் குமட்டும்.

எங்கள் கோல் கம்பங்களுக்குப் பின்னாலேயே ஒரு வாய்க்கால் ஓடியது. அது வலப்பக்கமும் வளைந்து போனது. பந்து வெளியே போனால் வாய்க்காலில்தான் விழும். விழுந்தால் இறங்கித் தேடி எடுப்பது கீப்பர் வேலை. பேடோடு இறங்க முடியாது, எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டும், அதற்குள் ஆட்டத்தின் சூடே ஆறிவிடும், எல்லாப் பயல்களும் என்னைத் திட்டுவான்கள். மற்ற ஊர்க் கீப்பர்கள் வந்த பந்தைக் கண்ணை மூடிக்கொண்டு வெளியே உதைத்தார்கள். நான் உதைக்கவில்லை. பேடில் வாங்கி, காலடியில் சாகவிட்டு, உள்பாதத்தால் இடப்பக்கம் தள்ளுவேன். அங்கே என் பேக், கோலுக்கு முன்னால் காவல் நிற்கும் தடுப்பாட்டக்காரன், இருப்பான். திறமை, மண்ணாங்கட்டி எல்லாம் இல்லை. சேற்றில் இறங்கச் சோம்பேறித்தனம், அவ்வளவுதான்.

அந்த இடப்பக்கத்து பேக், என் அப்பா வேலை பார்த்த பண்ணை வீட்டுப் பையன். என் வகுப்புதான். காலையில் அவன் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போவேன். சாயங்காலம் ஊருக்கு முன்னால் இருக்கும் மதகு வந்ததும் இறங்கிக்கொள்வேன். இறங்கு என்று அவன் சொன்னதே கிடையாது. நானும் ஏன் என்று யோசித்ததில்லை. மதகு வந்தால் இறங்குவது, அவ்வளவுதான். அவன் என்னை வாயாரக் கூப்பிடுவான். "டேய், ஏறுடா", "டேய், கணக்குப் போட்டியாடா" என்று ஓயாமல் ஒரு டா போட்டுக்கொண்டே இருப்பான். நான் அவனை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

எங்கள் தெருவில் அவனுக்கு இருந்த பெயர் சின்னாண்டே. அவன் அப்பா ஆண்டை, அதாவது எசமான், அதனால் இவன் சின்ன ஆண்டை. மைதானத்தில் அப்படிக் கூப்பிட்டால் அவன் மானம் போகும். டேய் என்று கூப்பிட எனக்கு நாக்கு வளையாது. மற்ற பயல்களை அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்துத் திட்டி ஓடவைத்தவன் நான். "ரைட்ல ஆளு வர்றான், கண்ணு தெரியலையாடா எருமை!" என்று மைதானம் முழுக்கக் கேட்கும். அவன் பக்கம் பந்து போனால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். அதற்குப் பதிலாகக் காலால் சொன்னேன். மெதுவாகத் தள்ளினால் நிதானமாகப் போ என்று அர்த்தம். சுருக்கென்று அடித்தால் பின்னால் ஆள் வருகிறான், உடனே திரும்பு. நாங்கள் இதைப் பேசி வைத்துக்கொண்டதில்லை. நான் பார்க்காமலே போடுவேன். அவன் கேட்காமலே வந்து நிற்பான்.

பத்தாம் வகுப்புப் படிக்கிற வருஷம் ஊர் கொதித்தது. புதுக் கட்சி ஆட்சிக்கு வந்து டீக்கடை ரேடியோவெல்லாம் பகுத்தறிவு பேசிக்கொண்டிருந்த காலம். எங்கள் தெருவில் சிவப்புக் கொடி ஏறியது. குறுவை அறுப்புக்குக் கூலி நெல்லைக் கூட்டித் தர வேண்டும் என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். மிராசுதார்கள் முடியாது என்றார்கள். சங்கக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, "இனிமே எவனையும் ஆண்டைன்னு கூப்புடக் கூடாது" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள், அப்பாவும்தான். வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் பேசிப் பழகினார். "இந்தாங்க, கூலியப் பத்திப் பேசணும்" என்று சொல்லிப் பார்ப்பார். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்காது. "மொதல்ல அவரு எதிர வந்தா தோள்ல கெடக்குற துண்டு தானா எறங்குதே, அதப் புடிச்சு நிறுத்துங்க. அப்புறம் பேசலாம்" என்பாள்.

நெல் முற்றித் தலை சாய்ந்தது. பண்ணை வீட்டில் அறுப்புக்கு வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார்கள். எங்கள் ஆட்கள் வரப்பில் கொடியை நட்டு உட்கார்ந்துவிட்டார்கள். மதகடியில் போலீஸ் வேன் நின்றது. அதற்கப்புறம் எனக்கு சைக்கிள் இல்லை. நான் நடந்து போவேன். அவன் என்னைத் தாண்டிப் போவான், திரும்பிப் பார்க்க மாட்டான். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அதைத்தான் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் சாயங்காலம் ஆட்டம் இருந்ததே! பேச்சு நின்றதே தவிர, பாஸ் நிற்கவில்லை. நான் இடப்பக்கம் தள்ளினால் அவன் மட்டையில் பந்து டொக்கென்று உட்காருகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகப் பகலெல்லாம் காத்துக் கிடந்தேன். வகுப்பில் வாத்தியார் என்ன நடத்தினார் என்று கேட்டால் தெரியாது. சில நாள் தேவையே இல்லாமல் அவன் பக்கம் பந்தைத் தள்ளுவேன். அவனும் தேவையே இல்லாமல் எனக்குத் திருப்பி அனுப்புவான். "ஏன்டா ரெண்டு பேரும் பந்த வச்சுக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்க?" என்று விளையாட்டு வாத்தியார் கத்துவார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்.

அப்போதுதான் தஞ்சாவூரில் தேர்வு வந்தது. தேர்வானால் மெட்ராஸில் தங்கிப் பயிற்சி, அப்புறம் ரயில்வேயோ போலீஸோ எங்காவது வேலை. அப்பா அதை நினைத்துத் தூங்காமல் கிடந்தார். நான் நினைத்தது வேறு. மெட்ராஸில் மதகு கிடையாது. எங்கள் ஊரைத் தெரிந்தவன் ஒருத்தனும் இருக்க மாட்டான். இரண்டு பேரும் அங்கே போய்விட்டால் ஒருநாள் நானும் அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், தோளில் கை போடலாம். அதற்காகவே நான் தேர்வாக வேண்டும் என்று துடித்தேன். இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை.

வாத்தியார் எங்கள் இரண்டு பேரையும் பஸ்ஸில் கூட்டிப் போனார். அவன் முன் சீட்டு, நான் பின் சீட்டு. தஞ்சாவூர் மைதானத்தில் எங்களை ஒரே அணியில் போட்டார்கள். முதல் பாதியில் நாங்கள் ஆடியதை இப்போது சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்பீர்கள். பீற்றிக்கொள்கிறேன்தான்! என் பேடில் பட்ட எந்தப் பந்தும் எதிராளிக்குப் போகவில்லை. எல்லாம் அவன் மட்டைக்குப் போனது. அவன் தலையை நிமிர்த்திக்கொண்டு ராஜா மாதிரி பந்தை ஏற்றிக்கொண்டு போனான்.

இடைவேளையில் தேர்வாளர்களில் மூத்தவர் என்னிடம் வந்தார். பெரிய மீசை, கழுத்தில் விசில். "கால் அருமையா இருக்கு தம்பி. ஆனா வாயில என்ன, கொழுக்கட்டையா? மைதானம் பூரா தெரியிறது ஒனக்கு மட்டுந்தான். ஒன் பேக்க நீதான் ஓட்டணும். மத்தவங்கள வெரட்டுற, அந்தப் பையன மட்டும் ஒரு வார்த்த சொல்ல மாட்டேங்கிற. கத்தாத கீப்பர நான் எடுக்குறதில்ல, தெரிஞ்சுக்க" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. இன்றைக்கு நானும் அதைத்தான் சொல்கிறேன்.

அவன் பக்கத்தில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தான். நிமிராமலே பேசினான். ஊரில் கொடி நட்டதற்கப்புறம் அவன் என்னோடு பேசிய முதல் பேச்சு அது. "டேய்னே கத்துடா. இங்க யாரு இருக்கா நம்மளத் தெரிஞ்சவன்?"

இரண்டாம் பாதி முழுக்க அந்த ஒரு சொல்லை வாய்க்குள் உருட்டிக்கொண்டு நின்றேன். டேய், விடு. டேய், விடு. என்ன பெரிய வித்தை? கடைசியில் அந்தப் பந்து வந்தது. நடுவிலிருந்து நீளமாக அடித்தார்கள். அவன் கோலைப் பார்த்துத் திரும்பி ஓடி வருகிறான், எதிர் அணியின் சென்டர் ஃபார்வர்டு அவன் முதுகிலேயே வருகிறான், நான் முன்னால் பாய்கிறேன். பந்து எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில். அவன் விட்டால் நான் எடுத்துவிடுவேன். அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"விடுங்க சின்னாண்டே!"

அவன் மட்டையை ஓங்கியபடி நின்றுவிட்டான். பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த சென்டர் ஃபார்வர்டு வந்து, அவசரமே இல்லாமல், பந்தை உள்ளே தள்ளிவிட்டுப் போனான்.

நம் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல் தெரியும். குபீரென்று சிரிப்பு. வெளி ஜில்லாவிலிருந்து வந்த ஒருவர் என்ன சொன்னான் என்று கேட்க, இன்னொருவர் விளக்கிக்கொண்டிருந்தார். மீசைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பட்டியலில் அவன் பெயரை வாசித்தார்கள். என் பெயர் இல்லை. வாத்தியார் விடாமல் வாதாடினார். "இவன் தள்ளுற பந்து இல்லேன்னா அந்த பேக் ஏதுங்க?" என்றார். மீசைக்காரர், "பேக்கப் பாத்துப் பயப்படுற கீப்பர வச்சுக்கிட்டு நான் என்ன சார் பண்றது?" என்றார். பயமா? அவனிடம் எனக்கு என்ன பயம்? பயமாக இருந்திருந்தால் தேவலையே, என்றைக்காவது தெளிந்திருக்கும்.

பஸ் ஸ்டாண்டில் அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. "நான் மெட்ராஸ் போகலடா" என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. "போங்க" என்றேன். "போயி ஆடுங்க." அவன் மெட்ராஸ் போனான். ஊரில் கூலி ஒரு வழியாகப் பேசி முடிந்தது. ஆனால் அந்தக் குடும்பம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுத் திருச்சிக்குக் குடிபோனது. அப்பா கேட்டபோது, கோல் விட்டுவிட்டேன், எடுக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்பதை, சுவரிடம் பேசிப் பழகிய அந்த மனுஷனிடம் எப்படிச் சொல்வது?

அப்புறம் நான் உடற்பயிற்சி ஆசிரியரானேன். எத்தனையோ பேக்குகளை வைத்து ஆடினேன். நல்ல ஆட்டக்காரர்கள்தான், குறை சொல்லக் கூடாது. இடப்பக்கம் தள்ளினால் பந்து வெறும் தரையில் ஓடும். "இங்க யாருக்கு சார் போட்டீங்க?" என்று கேட்பார்கள்.

சில வருஷங்களுக்கு முன்னால் தஞ்சாவூரில் பெண் பிள்ளைகளுக்கான தேர்வு நடந்தது. நான் வெயிலுக்குத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வழுக்கைத் தலையோடு ஒருவர் வந்து உட்கார்ந்தார். பேத்தி ஆடுகிறாள், பார்க்க வந்தேன் என்றார். குரலைக் கேட்டதுமே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனேதான்.

அவனும் என்னை அடையாளம் கண்டுகொண்டான். அவன்தான் ஆரம்பித்தான். "மெட்ராஸ்ல இருந்த கீப்பர் பெரிய ஆளுடா. தொண்ட கிழியக் கத்துவான். ஆனா வந்த பந்தயெல்லாம் வெளிய ஒதச்சுடுவான். நான் லெஃப்ட்ல போயி நின்னுக்கிட்டே இருப்பேன். வரவே வராது. அந்த வருஷத்தோட கழட்டி விட்டுட்டாங்க. அப்புறம் மட்டையத் தொடல." நான் இங்கே யாருமில்லாத இடத்துக்குப் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தபோது, அவன் அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறான்.

மைதானத்தில் வலங்கைமான் பக்கத்திலிருந்து வந்த ஒரு பொடிசு கீப்பராக நின்றது. தன்னைவிட இரண்டு மடங்கு உயரமான பேக்கைப் பார்த்து, "ஏய் பனமரம், விடுடீ, நான் எடுக்குறேன்!" என்று காது கிழியக் கத்தியது. நாங்கள் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம். அவளைத்தான் அன்றைக்குத் தேர்வாளர்கள் நாங்கள் எடுத்தோம். சிரித்து முடித்ததும் அவன் என் பக்கம் திரும்பினான்.

"நீயும் ஒரு தடவ கூப்புடேன்டா. நான் போறதுக்குள்ள."

சுற்றி ஒருவரும் இல்லை. அவன் அப்பா இல்லை, என் அப்பா இல்லை. மதகைக்கூட இடித்துப் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். ஊரே என்னைச் சார் என்கிறது. அவனைக் கட்டிப்பிடித்து ஒரு டேய் சொல்ல வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வாயைத் திறந்தேன்.

"வெயில் ஏறிடுச்சு. வாங்க, ஒரு டீ சாப்புடலாம்" என்றேன்.

அவன் முழங்காலில் கையூன்றி மெதுவாக எழுந்தான். "சரிங்க" என்றான். "போவோம், வாங்க."

டீக்கடை வரைக்கும் அப்படியே பேசினான். சர்க்கரை போட்டுக்குவீங்களா, பிள்ளைகள் எங்கே இருக்காங்க என்று எல்லாம் ங்க, ங்க. கேலி செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நானும் பதிலுக்கு மரியாதையாகவே சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுடைய அந்த டா ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது, அதுவும் போய்விட்டது.