புது டொக்டர்

நனைந்த பள்ளிக் கோட்டை ஹீற்றரின் மேல் காயப்போட்டால் எழும் கம்பளி மணமும் அடுப்பிலிருந்து வரும் புட்டு ஆவியும் கலந்த ஒரு வாசம், கோலியர்ஸ் வுட்டில் நாங்கள் குடியிருந்த மேல்மாடி வீட்டில் மாலை நாலு மணிக்கு நிறைந்திருக்கும். அந்த நேரத்தில்தான் ‘டொக்டரும்’ வருவார்.

அவர் ஓர் அமெரிக்கத் தொடர்நாடக நடிகர். வாரநாள்களில் ரீவியில் ஓடிய ஒரு நாடகத்தில் மருத்துவராக நடித்தார். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட் செய்த அப்பா, நித்திரை விட்டெழுந்து தேநீரோடு வந்து அமர்ந்து, “எங்கட டொக்டர் இண்டைக்கு என்ன கூத்துக் காட்டப் போறாரோ” என்பார். ஆங்கிலத்தில் பாதி பிடிபடாவிட்டாலும், டொக்டர் மனைவியை ஏமாற்றும்போதெல்லாம் அப்பாவுக்குக் கோபம் வரும்.

எனக்கு எட்டு வயதானபோது கனடாவில் பெரியப்பாவுக்கு நெஞ்சில் ஒப்பரேஷன் நடந்தது. அவருடைய கடையைப் பார்த்துக்கொள்ளப் போன அப்பா, பனிக்காலம் முடிந்தும் திரும்பவில்லை. அந்த இடைவெளியில்தான் நடிகரும் சினிமா ஆசையில் நாடகத்தை விட்டுப் போனார். ஒருநாள் டொக்டரின் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு வேறொரு மனிதர் வந்தார். இனி டொக்டராக நடிப்பவர் இவர் என்று ஒரு குரல் அறிவித்தது, அவ்வளவுதான். மனைவி அவரைக் கட்டிப்பிடித்தாள், மகள் ‘டாடி’ என்றாள். நான் பதறிப்போய் அம்மாவைப் பார்த்தேன். “அதுக்கென்ன, கொஞ்ச நாளிலை பழகிப்போயிடும்” என்றபடி அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. போனில் அப்பாவின் குரல் ஒவ்வொரு முறையும் சற்று வேறாகக் கேட்டது. யாரோ ஒருவர் எங்கள் வாசலில் வந்து நிற்பார், அம்மா சாதாரணமாகத் தேநீர் கொடுப்பார், என்னையும் ‘அப்பா’ என்று கூப்பிடச் சொல்வார் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்காமல் இருந்தேன்.

கடைசியில் கோடையில் வந்தவர் மெலிந்திருந்தார். மீசை இல்லை, புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார். “அப்பாவெல்லே, கிட்டப் போ” என்று அம்மா தள்ளியும் நான் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், நாடகம் ஓடிக்கொண்டிருந்த ரீவிக்கு முன் அமர்ந்து திரையை உற்றுப் பார்த்தார்.

“ஆர் இவன்? எங்கட டொக்டர் எங்கை?”

ஓடிப்போய் அவர் மடியில் விழுந்து அழுதேன். வேறு யாராக இருந்தாலும் அந்தக் கேள்வி வந்திருக்காது.

சினிமா அந்த நடிகருக்குக் கைகொடுக்கவில்லை. பிறகு வேறொரு நாடகத்தில் சில காலம் நீதிபதியாக வந்தார், மூட்டுவலி மருந்து விளம்பரமொன்றில் சிரித்தார், அதன்பின் காணாமல் போனார். டொக்டர் நாடகமும் நின்றுவிட்டது. அம்மாவும் இல்லை. தோர்ண்டன் ஹீத்தில் என்னோடு இருக்கும் அப்பாவுக்கு ஞாபகம் மெல்ல மெல்ல நழுவுகிறது. வேலை முடிந்து படியேறும்போதெல்லாம் இன்றைக்கு என்ன சொல்வாரோ என்று நினைத்துக்கொள்வேன். போன கிழமை தேநீரோடு அவருடைய அறைக்குள் போனேன். என்னை உற்றுப் பார்த்தார்.

“ஆர் நீங்கள்? எங்கட பிள்ளை எங்கை?”

அதே குரல். அப்பாவுக்கு இன்னும் பழகிப்போகவில்லை. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு அவர் பக்கத்தில் அமர்ந்தேன்.

“நாலு மணியாகப் போகுது, பள்ளிக்கூடத்தாலை இப்ப வந்திடுவா” என்றேன்.

இருவரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.